எக்செல்லில் இசைச் சராசரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 1,000 ரூபாய் எஸ்ஐபி (மாதத் தவணை முதலீடு) கட்டும் ஒருவருக்கு, மூன்று மாதங்களில் யூனிட் விலை 20, 25, 40 ரூபாயாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 50, 40, 25 என மொத்தம் 115 யூனிட்டுகள் கிடைத்திருக்கும். 3,000 ரூபாயை 115 ஆல் வகுத்தால், யூனிட்டின் சராசரி அடக்கவிலை 26.09 ரூபாய். ஆவரேஜ் ஃபார்முலாவோ 28.33 என்று காட்டும்; விலை இறங்கிய மாதத்தில் அதே பணத்துக்குக் கூடுதல் யூனிட் கிடைத்ததை, விலைகளைக் கூட்டி மூன்றால் வகுக்கும் இந்தக் கூட்டுச் சராசரி கணக்கில் கொள்வதில்லை. இங்கே பொருந்துவது இசைச் சராசரி (ஹார்மோனிக் மீன்): விலைகளின் எண்ணிக்கையை, அவற்றின் தலைகீழிகளின் (1 ÷ விலை) கூட்டலால் வகுப்பது. அதற்கான ஹார்மீன் (HARMEAN) ஃபார்முலா 26.09 என்ற சரியான விடையைத் தரும்.

இவ்வளவும் தெரிந்தவர்கள்தான் அடுத்த தவறைச் செய்கிறார்கள். மூன்றாம் மாதம் கையில் போனஸ் இருந்ததால் 4,000 ரூபாய் போட்டிருந்தால், யூனிட்டுகள் 190, அடக்கவிலை 31.58 ரூபாய். ஆனால் விலைகளை மட்டுமே பார்க்கும் ஹார்மீன் அப்போதும் 26.09 என்றே சொல்லும். தொகை மாதத்துக்கு மாதம் மாறினால், தொகைகளின் கூட்டலை, ஒவ்வொரு தொகையையும் அந்த மாத விலையால் வகுத்துக் கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். சம்ப்ராடக்ட் (SUMPRODUCT) ஃபார்முலா இதை ஒரே செல்லில் முடித்துவிடும். மாறாக, மாதந்தோறும் ஒரே எண்ணிக்கையில் யூனிட் வாங்கியிருந்தால் ஆவரேஜே சரி.

தவணை கட்டாத மாதத்துக்கு 0 என்று எழுதினால் ஹார்மீன் '#NUM!' என்று பிழை காட்டும். அதை மறைப்பதற்காக 0.01 என்று மாற்றுவது அதைவிட மோசம்: மேற்கண்ட மூன்று விலைகளோடு அது சேர்ந்தால் சராசரி சுமார் 4 காசாகச் சரிந்துவிடும். செல்லைக் காலியாக விடுவதே முறை.

உண்மையில் அஞ்ச வேண்டியது, பிழையே காட்டாத தவறுக்குத்தான். விலையை 'ரூ. 40' என்று தட்டச்சு செய்தால் எக்செல் அதை எழுத்தாகக் கருதும். ஹார்மீன் அந்தச் செல்லைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு, மீதி இரண்டுக்கு மட்டும் 22.22 என்று விடை தரும், பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. எண் உள்ள செல்களை மட்டும் எண்ணும் கவுண்ட் (COUNT) ஃபார்முலாவின் விடையும், காலியில்லாத எல்லாச் செல்களையும் எண்ணும் கவுண்ட்ஏ (COUNTA) தரும் விடையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தால் இது பிடிபடும்.

தனி நெடுவரிசையில் தலைகீழிகளைக் கணக்கிடுபவர்கள் அவற்றை ரவுண்ட் செய்யக் கூடாது. 40-இன் தலைகீழியான 0.025 என்பது 0.03 ஆனால், 26.09 வர வேண்டிய இடத்தில் 25 வந்து நிற்கும்.