பைலோரி கிருமி: நெகட்டிவ் என்று எழுதுவதற்கு முன்

எண்டோஸ்கோபி பழக வரும் இளம் மருத்துவர்கள் இரைப்பையில் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இல்லை என்று எழுதி ஃபைலை மூடுவதை இந்த மாதம் மட்டும் மூன்று முறை பார்த்துவிட்டேன். இருபது வருடத்துக்கு முன்பு நானும் அப்படித்தான் மூடினேன். படிவத்தில் தேதி விட்டுப்போவது மாதிரியான பிசகுகளைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. நோயாளியைப் பாதிக்கும் தவறுகள் மட்டும் கீழே.

கேஸ் மாத்திரையை நிறுத்தாமல் பரிசோதிப்பது

இதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை. பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் தனியாகக் கிருமியை ஒழிப்பதில்லை, அடக்கித்தான் வைக்கும். எண்ணிக்கை குறையும், மிச்சமிருப்பவை இரைப்பையின் கீழ்ப்பகுதியை விட்டு மேல்பக்கம் ஒதுங்கும். கீழே மட்டும் பரிசோதனைக்குச் சதை எடுத்தால் (பயாப்ஸி) கிருமி சிக்காமல் போகலாம். மூச்சுப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும்கூட ஏமாற்றிவிடும். அந்த மாத்திரையை நிறுத்தி 2 வாரம், ஆன்டிபயாடிக் முடிந்து 4 வாரம் ஆகியிருக்க வேண்டும்.

என்னிடம் வந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். முன்சிறுகுடலில் புண். மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்காக மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்கவேயில்லை. நெகட்டிவ் என்று அனுப்பிவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து, தார் மாதிரி கறுப்பாக மலம் போய், இரத்தம் ஏற்ற வேண்டிய நிலையில் வந்தார். இம்முறை மேல்பகுதியிலும் சதை எடுத்தோம். கிருமி இருந்தது.

அவருக்குப் புண்ணோடு போயிற்று. ஆனால் கிருமி தங்கும்வரை அழற்சி ஓயாது. அதில் உண்டாகும் வீரியமிக்க ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் செல்லின் டிஎன்ஏவைச் சிதைக்கும். சில ரகக் கிருமிகள் காக்-ஏ என்ற புரதத்தை ஊசி போடுவதுபோல் செல்லுக்குள் செலுத்தி, அதன் வளர்ச்சிக் கட்டுப்பாட்டையே குலைத்துவிடும். பல வருடங்களில் சுரப்பிகள் தேய்ந்து, இரைப்பைத் திசு குடல் திசுவைப் போல மாறி, சிலருக்கு அது புற்றுநோய்வரை போகும். 2001-ல் வெளியான ஜப்பான் ஆய்வில் 1,526 பேரைச் சராசரியாக 7.8 வருடம் கவனித்தார்கள். கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. ஒரு பொய்யான நெகட்டிவ் ஒருவரை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள்.

கிருமி என்றாலே புற்றுநோய் என்று பயமுறுத்துவது

பெரும்பாலோருக்கு வராது. அதை முதலில் சொல்லுங்கள்.

குணமானதா என்று இரத்தத்தில் பார்ப்பது

வேண்டாம். கிருமி போன பிறகும் அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் மாதக்கணக்கில் இருக்கும்.

14 நாள் மருந்தோடு விட்டுவிடுவது

இதற்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசினுக்கு மசியாத கிருமிகள் நிறைய வந்துவிட்டன. மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்து, போய்விட்டதா என்று உறுதி செய்யுங்கள். அப்புறம், பயாப்ஸியில் திசு பரவலாக மாறியிருந்தால், கிருமி போனாலும் ஆபத்து முழுதாக நீங்காது. அவர் கையில் அடுத்த எண்டோஸ்கோபிக்கான தேதியை எழுதிக் கொடுத்தே அனுப்புங்கள்.