டென்ஸ் கருவியில் தசையைத் துடிக்க வைப்பது: இடம் பிடிப்பதுதான் வேலை

டென்ஸ் என்பது தோலில் ஒட்டும் பேட்கள் வழியே சிறு மின்துடிப்புகளை அனுப்பும் வலி நிவாரணக் கருவி. அதை வைத்து முன்கைத் தசையைத் துடிக்க வைத்துப் பார்ப்பதைத்தான் இங்கே சொல்கிறேன். முதலில் யாருக்கு இது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தொட வேண்டாம். தலை, கழுத்தின் முன்பக்கம், மார்பு, புண்பட்ட தோல் ஆகிய இடங்களில் பேட் ஒட்டக் கூடாது. இரண்டு பேடும் ஒரே கையில்தான் இருக்க வேண்டும். கைக்கு ஒன்றாக ஒட்டினால் மின்னோட்டம் மார்பு வழியே போகும். பேட்டரியில் ஓடும், மருத்துவப் பயன்பாட்டுக்கென்றே செய்த கருவி மட்டும் போதும். சொந்தமாகச் சர்க்யூட் கட்டும் ஆசையை இங்கே காட்டாதீர்கள்.

அமைப்பு: அதிர்வெண் 2 ஹெர்ட்ஸ், மின்துடிப்பின் அகலம் (ஒவ்வொரு துடிப்பும் நீடிக்கும் நேரம்) 200 மைக்ரோ செகண்ட், மின்னோட்டத்தின் அளவு பூஜ்யம். அதிர்வெண்ணையும் அகலத்தையும் தனித்தனியாக மாற்றவிடாமல் வெறும் 'மோடு' பட்டன் மட்டும் தரும் கருவிகள் எனக்குப் பிடிக்காது. என்ன நடக்கிறது என்றே தெரியாது.

இப்போது பேட். முன்கையின் மேற்புறத்தில் (புறங்கைப் பக்கம்), முழங்கைக்கு நான்கு விரல் கீழே சிறிய பேட், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் பெரிய பேட். சிறியதில் மின்னோட்டம் குவியும், பெரியதில் பரவிவிடும். அளவை மெல்ல ஏற்றுங்கள். முதலில் தோல் குறுகுறுக்கும், அப்புறம்தான் விரல்கள் வெடுக்கென்று நிமிரும்.

குறுகுறுப்பு மட்டும் கூடிக்கொண்டே போய் விரல் அசையவில்லையா? இன்னும் ஏற்றாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். இந்த அளவு மின்னோட்டத்துக்கு முதலில் பதில் சொல்வது தசை இல்லை, அதற்குள் நுழையும் நரம்பு. அது தோலுக்கு மிக அருகில் வரும் இடத்தைத்தான் மோட்டார் பாயிண்ட் என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் இப்படித்தான் உடம்பெங்கும் தேடினார். அளவைப் பூஜ்யமாக்கி, பேடை ஒரு விரல் அகலம் நகர்த்தி, மறுபடி ஏற்றிப் பாருங்கள். பூஜ்யமாக்காமல் உரித்தால், ஒட்டியிருக்கும் கடைசி ஓரத்தில் மின்னோட்டமெல்லாம் குவிந்து சுரீரென்று கடிக்கும். சரியான இடம் கிடைத்தால் முன்பைவிடக் குறைந்த அளவிலேயே விரல் நிமிரும்.

பிறகு அதிர்வெண்ணை ஏற்றுங்கள். 10 ஹெர்ட்ஸில் விரல் நடுங்கும். 30, 40 வரும்போது தசைத் துடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து, விரல் நிமிர்ந்தபடியே நிற்கும். சில வினாடிகளில் நிறுத்திவிடுங்கள், தசை சீக்கிரம் களைத்துப்போகும்.

மீண்டும் 2 ஹெர்ட்ஸுக்கு வந்து அகலத்தை 50 மைக்ரோ செகண்ட் ஆக்கினால் விரலின் துடிப்பு சிறுக்கும், அல்லது நின்றேவிடும். அளவைக் கூட்டினால் திரும்ப வரும். நேரம் குறைந்தால் வலு கூட வேண்டும், அவ்வளவுதான். நரம்பு அறுந்த தசைக்கு இந்த மைக்ரோ செகண்ட் துடிப்பெல்லாம் எட்டாது. மில்லி செகண்ட் கணக்கில் நீளமான துடிப்பு வேண்டும். அது பிசியோதெரபிஸ்ட் வேலை.

பின்சேர்க்கை: "நேற்றுத் துடித்த இடத்தில் இன்று ஒன்றுமில்லை" என்று சிலர் கேட்டிருந்தார்கள். உள்ளங்கையைத் திருப்பினாலே தோல் தசைமேல் நகர்ந்துவிடும். பேனாவால் குறி போடுங்கள், கையையும் அதே நிலையில் வையுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் பேடின் ஜெல் காய்ந்திருக்கும், அல்லது தோலில் எண்ணெய் இருக்கும்.