கொடைக்கானல்ல ஓடி முட்டி வலிக்குதா? ஷூ வாங்குறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க

நம்ம மலையில ஓட ஆரம்பிக்கிறவங்க ஏத்தத்துக்குத்தான் பயப்படுவாங்க, ஆனா முட்டியைப் பதம் பாக்குறது இறக்கம்தான். எனக்கு அப்படித்தான் ஆச்சு, அப்சர்வேட்டரி ரோட்டுல மூச்சு வாங்க ஏறிட்டு ஏரி வரைக்கும் ஜம்முனு இறங்கி ஓடி வருவேன், மறுநாள் காலைல மாடிப்படி இறங்க முடியாது, முட்டிச் சில்லுக்குக் கீழ சுருக்குனு குத்தும். மெத்து மெத்துனு தடிமனா ஒரு ஷூ வாங்கிப் பாத்தேன், வலி போகல, காலடி வைக்கிற விதத்தை மாத்தின பிறகுதான் குறைஞ்சுது. அதனால முதல்ல காலடி வைக்கிற விதம், அப்புறம் ஷூ. ரெண்டையும் ஒரே வாரத்துல மாத்திட்டா எது சரி பண்ணுச்சு எது கெடுத்துச்சுன்னே தெரியாது.

முதல் வேலை, எண்ணுறது. ஏரியைச் சுத்துற ரோடு கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர், பெருசா ஏத்த இறக்கம் இல்ல, பழக நம்ம ஊர்ல அதை விட நல்ல இடம் இல்ல. எப்பவும் ஓடுற வேகத்துல ஓடிக்கிட்டே வலது கால் தரையில படுறதை 30 செகண்ட் எண்ணுங்க, ரெண்டு காலுக்கும் சேத்து ஒரு நிமிஷக் கணக்கு வர நாலால பெருக்குங்க. 39 வந்தா நிமிஷத்துக்கு 156 காலடி.

ரெண்டாவது, அதுல 5 சதவீதம் மட்டும் கூட்டுங்க, 156ன்னா 164, அதாவது 30 செகண்டுக்கு வலது கால் 41 தடவை. வேகம் கூடக்கூடாது, அடிதான் சின்னதாகணும், இதுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. அடி சின்னதானா கால் உடம்புக்கு ரொம்ப முன்னாடி போய் விழாது, முட்டி லேசா மடங்கின மாதிரியே தரையைத் தொடும், பிரேக் போடுற அதிர்ச்சி குறையும். இப்படிக் கூட்டினாலே முட்டி வாங்குற சுமை குறையுதுன்னு 2011ல வந்த ஒரு ஆராய்ச்சியும் சொல்லுது. 5 நிமிஷம் இப்படி, 1 நிமிஷம் நடை, ரெண்டு மூணு வாரம். குதிகாலைத் தூக்கி முன்பாதத்துலதான் ஓடணும்னு கட்டாயம் எல்லாம் இல்ல.

இறக்கம் அதுக்கப்புறம். பயத்துல உடம்பைப் பின்னாடி சாய்ச்சு காலை நீட்டி நீட்டி வைப்போம்ல, அதை விடுங்க. நிமிர்ந்து, பத்துப் பதினஞ்சு அடி தள்ளிப் பாத்து, குட்டிக் குட்டி அடியா.

இனி ஷூ. சாயங்காலம் போங்க, அப்பதான் பாதம் கொஞ்சம் வீங்கி இருக்கும், ஓடும்போது போடுற சாக்ஸையே போட்டுப் பாருங்க. நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேணும், இல்லன்னா இறக்கத்துல நகம் மோதி கறுத்துடும். குதிகால் பக்கத்துக்கும் விரல் பக்கத்துக்கும் இருக்குற உயர வித்தியாசத்தை டிராப்ன்னு சொல்வாங்க, சாதாரணமா 10 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும், திடீர்னு 4க்கோ பூஜ்யத்துக்கோ போனா முட்டிக்குக் கொஞ்சம் நிம்மதி, ஆனா அந்தச் சுமை கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கு மேல இருக்குற தசைநாணுக்கும் போயிடும். விலையை விட போட்டதும் சுகமா இருக்காங்கறதுதான் முக்கியம். நம்ம மழைக்கும் பனிக்கும் அடியில நல்ல ரப்பர் பிடிமானம் பாருங்க, நனைஞ்சா உள்ள நியூஸ்பேப்பர் திணிச்சு காய வைங்க, அடுப்புப் பக்கம் வேண்டாம், பசை விட்டுடும். 500லிருந்து 800 கிலோமீட்டருக்குள்ள மாத்திடுங்க.

புதுசா பழகும்போது கெண்டைக்கால் ரெண்டு நாள் இறுக்கமா இருக்கும், அது பரவால்ல. முட்டி வீங்கினாலோ, எலும்புல ஒரே இடத்துல விரல் வச்சு அழுத்தினா உயிர் போற மாதிரி வலிச்சாலோ எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க, காட்டுற வரைக்கும் ஓடாதீங்க.