புள்ளி இல்லாத இடத்தையும் பாருங்கள்

பேரிடர் நேரத்துச் சமூக ஊடகப் பதிவுகளை வரைபடத்தில் போட்டுப் பார்க்கிற பலரும் செய்கிற முதல் தவறு, புள்ளிகள் எங்கே குவிந்திருக்கின்றனவோ அங்கேதான் பாதிப்பு அதிகம் என்று முடிவுகட்டுவது. 2012-இல் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது ட்வீட்டுகள் குவிந்தது மன்ஹாட்டனில். அதே நகரின் கரையோரத்தில் கடல் புகுந்த ராக்கவே, வரிசையாக வீடுகள் எரிந்துபோன பிரீஸி பாயிண்ட் பக்கமிருந்து வந்தவை சொற்பம். கரண்ட் இல்லை, டவர் இல்லை, போனில் சார்ஜும் இல்லை என்றால் எங்கிருந்து பதிவு போடுவார்கள்? அதனால் வழக்கமான நாளில், அதே மணி நேரத்தில், அந்தப் பகுதியிலிருந்து எத்தனை பதிவு வரும் என்று எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். வழக்கமாகச் சளசளக்கும் ஒரு பகுதி திடீரென்று அடங்கிப்போனால், என்னைக் கேட்டால், முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

அடுத்தது, புரொஃபைலில் எழுதியிருக்கும் ஊரை நம்புவது. 2009-இல் ஈரான் போராட்டத்தின்போது, அங்கே எழுதுபவர்கள் அரசிடம் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று உலகெங்கும் பலர் தங்கள் ஊரை டெஹ்ரான் என்று மாற்றிக்கொண்டார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் தரவு கெட்டது. சரி, ஜிபிஎஸ் புள்ளி இருக்குமே என்றால், ட்விட்டர் 2019 ஜூனிலேயே பதிவோடு துல்லிய இருப்பிடம் சேர்க்கும் வசதியைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. நகரத்தின் பெயர் மட்டும் உள்ள பதிவுகளை நம் மென்பொருள் அந்த நகரத்தின் நடுப்புள்ளியில் கொண்டுபோய்க் குவிக்கும், அதைப் பார்த்து "இங்கேதான் பிரச்சினை" என்று யாராவது கிளம்பிவிடுவார்கள்.

அப்புறம் நேரம். தரவு பெரும்பாலும் யுடிசி-யில், அதாவது உலகப் பொது நேரத்தில், வரும். 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கம் உள்ளூர் நேரப்படி காலை 11:56-க்கு, யுடிசி-யில் 06:11. மாற்ற மறந்தீர்களென்றால், பகல் 12:10-க்கு ஒருவர் போட்ட பதிவு 06:25 என்று நின்று, நிலநடுக்கத்தை ஐந்தரை மணி நேரம் முன்பே அறிந்தவராக அவரைக் காட்டும்.

பதிவேறிய நேரமும் சம்பவம் நடந்த நேரமும் ஒன்றல்ல, பகிரப்பட்ட படங்களில் இது இன்னும் மோசம். படம் எடுத்த நேரத்தைப் பல தளங்கள் பதிவேற்றும்போதே அழித்துவிடுகின்றன. மூன்றாம் நாள் பதிவுகள் திடீரென்று எகிறினால் புதிதாக ஏதோ நடந்துவிட்டது என்று பதறாதீர்கள், அந்தப் பகுதிக்குக் கரண்ட் எப்போது திரும்பியது என்று முதலில் பாருங்கள்.