மெத்தையைப் பார்த்து வான் வாங்காதீர்கள்

போன கிழமை விசுவமடுப் பக்கமிருந்து இரண்டு தம்பிமார் டொல்பின் என்று சொல்லும் பழைய டொயோட்டா ஹயஸ் வான் ஒன்றைக் கொண்டுவந்து என் கொட்டிலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். பின் இருக்கைகளைக் கழற்றிப் பலகைக் கட்டில் அடித்திருந்தது. ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, கூரை ஓரத்தில் நீல லைட். ஆவணி மடு மாதா திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய் உள்ளேயே படுக்கலாம், அப்புறம் கதிர்காமம் வரை ஓடலாம் என்று திட்டம். நாளைக்குக் காசு கொடுக்கப் போகிறார்களாம்.

"கட்டிலைத் தூக்குங்கோ" என்றேன்.

"ஏன் அண்ணை, கட்டில் நல்லாத்தானே இருக்கு?"

2021இல் எனக்கு வான் பார்க்க வந்த கராஜ்காரரிடம் நானும் இதையேதான் கேட்டேன்.

கட்டில் அடித்த பழைய வான் வாங்கும்போது நாங்கள் விடும் பிழைகளைத்தான் சொல்லப் போகிறேன். டயர் தேய்வு, ஒயில் நிறம், பிரேக் பிடிப்பு எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை உங்கள் மாமாவே குனிந்து பார்த்துச் சொல்லிவிடுவார்.

## அலங்காரத்தில் மயங்குவது

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய வான்களின் விலை ஏறத் தொடங்கியது. இன்றைக்கு விட்டால் நாளைக்குக் கிடைக்காது என்ற பயம். வவுனியாவில் ஒன்று நிற்கிறதென்று புரோக்கர் சொன்னதும் பஸ் ஏறிவிட்டேன். போய்ச் சேரப் பின்னேரம் ஆறரை. உள்ளே மெத்தை, புது வினைல் விரிப்பு, சின்ன மின்விசிறி. கண்ணாடியில் மூன்று வாசனை டப்பா தொங்கியது. ஒன்று போதாதா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். கராஜ்காரர் விரிப்பைக் கிளப்பப் போனார். ஒட்டியதைப் பிய்த்தால் பழுதாகிவிடும் என்று புரோக்கர் தடுத்தார். நானும் புரோக்கர் பக்கம் சாய்ந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

முதல் மழை பெய்த அன்று எங்கள் வீட்டுப் பூனை வானுக்குள் ஏறி இறங்க மறுத்தது. கட்டிலுக்குக் கீழே மூலையை நக்கிக்கொண்டே இருந்தது. பூனைக்குத் தெரிந்தது எனக்குத் தெரிய இன்னும் நான்கு மாதம் எடுத்தது. மாங்குளம் தாண்டி வரும்போது பின்பக்கம் 'டக்' என்றது, வான் ஒரு பக்கம் சரிந்தது. பின் வில்லுத்தகட்டைத் தாங்கும் பிடி, சேஸிஸோடு சேர்ந்த இடத்தில் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது.

அந்த வான் முன்பு முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் ஏற்றியிருக்கிறது. ஐஸ் உருகி வரும் உப்புத் தண்ணீர் இருக்கை நட்டுகளின் துளைகளால் கீழே இறங்கும். தரைக்கு அடியில் குழல் மாதிரி மடித்த தகரத்துக்குள் போய்த் தேங்கும். கறள் உள்ளேயிருந்து வெளியே தின்று வருவதால், வெளிப்பக்கம் பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். அதைத் திருத்த வான் வாங்கிய காசில் ஐந்தில் ஒரு பங்கு போனது. கூலியில் பாதி கட்டிலையும் பலகையையும் கழற்றித் திரும்பப் பூட்டுவதற்கு!

ஆகவே பகலில் போங்கள். விரிப்பைக் கிளப்ப விடாதவரிடம் மேலே கதைக்க வேண்டாம். ஒரு ஸ்குரூ டிரைவரும் துணியில் சுற்றிய காந்தமும் கொண்டுபோங்கள். தகரத்தில் காந்தம் துணியோடு ஒட்டும். பட்டி பூசி மறைத்த இடத்தில் வழுக்கி விழும். சறுக்குக் கதவின் படி விளிம்பு, முன் சக்கர வளைவு, பின் வில்லுப் பிடி இருக்கும் இடம், இந்த மூன்றையும் விடாதீர்கள். பிறகு காசு கொடுத்தாவது சேர்விஸ் ஸ்டேஷனில் லிப்டில் ஏற்றிப் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. சந்தேகம்தான் வரும்.

தம்பிமாரின் வானிலும் கட்டிலைத் தூக்கினோம். கதவுப் படியோரம் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். பிஸ்கட்டில் போவதுபோல் பிடிவரை இறங்கியது. மூத்தவர் ஒன்றும் பேசாமல் போனை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போய்விட்டார்.

## டைமிங் பெல்ட் விளக்கை நம்புவது

டொல்பினில் வரும் 2.8 லீற்றர் டீசல் எஞ்சினுக்கு 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் ரப்பர் பெல்ட், மாற்ற வேண்டும். நேரம் வந்ததும் டாஷ்போர்டில் விளக்கு எரியும். அது எரியவில்லை, ஆகவே பெல்ட் நல்லது என்பார்கள். சாவியைத் திருப்பி, எஞ்சினை எழுப்ப முன்னம் பாருங்கள். மற்ற விளக்குகளோடு அதுவும் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிக்கும். வாங்கிய கிழமையே பெல்ட்டை மாற்றிவிடுங்கள், பழையவர் என்ன சொன்னாலும் சரி.

## கிலோமீற்றர் மீற்றர்

பார்க்காதீர்கள். திருப்பிக் குறைத்து வைத்திருக்கலாம்.

## வெள்ளம் கண்ட வான்

2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் தண்ணீர் ஏறியபோது எத்தனையோ வாகனங்கள் முற்றத்திலேயே மூழ்கின. கழுவி விற்றாலும் சீட் பெல்ட்டை யாரும் கழுவுவதில்லை. கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் இறங்கி வாருங்கள்.

## கோடையில் மட்டும் பார்ப்பது

மடுத் திருவிழாவுக்கு முன் எல்லோரும் வான் தேடுவார்கள். அப்போது வன்னியில் துளி மழை இராது. கூரையில் காற்றுத் துளை வெட்டிய வான் என்றால் ஐந்து வாளி தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு, உள்ளே மல்லாந்து படுத்துக் கால் மணி நேரம் காத்திருங்கள். விற்பவர் சிரிப்பார். சிரிக்கட்டும். ஐப்பசியில் நனையப்போவது உங்கள் மெத்தை.

## தண்ணீர்த் தாங்கியின் பாரம்

நூறு லீற்றர் தண்ணீர் நூறு கிலோ. பலகையும் பற்றரியும் வேறு. எல்லாவற்றையும் பின்னுக்கு ஏற்றாதீர்கள்.

## சொந்தக்காரர் கனடாவில்

இது எங்கள் ஊர் வியாதி. வாகனப் பதிவுப் புத்தகத்தில் ஒரு பெயர், விற்பவர் அவருடைய மச்சான், கையெழுத்து மட்டும் வைத்து மிச்சம் நிரப்பாத பெயர்மாற்றப் படிவம் ஒன்றைத் தருவார். ஓப்பன் பேப்பர் என்பது இதைத்தான். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாறும்வரை பதிவில் வான் கனடாக்காரருடையதுதான். லீசிங் கம்பனியின் பெயர் புத்தகத்தில் இன்னும் இருந்தால், கடன் முடிந்த கடிதம் கைக்கு வராமல் முற்பணமும் கொடுக்க வேண்டாம். எஞ்சின் இலக்கம், சேஸிஸ் இலக்கம், நிறம், இருக்கை எண்ணிக்கை நான்கையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இருக்கையைக் கழற்றிக் கட்டில் அடித்த வான்களில் கடைசி ஒன்றுதான் பெரும்பாலும் இடிக்கும்.

என் அயலவர் ஒருவர் இப்படி வாங்கினார். கையெழுத்து பொருந்தவில்லை, கனடாக்காரர் போனை எடுப்பதில்லை. நல்ல எஞ்சின், கறளே இல்லாத அடித்தகரம். நாலு வருடமாக முற்றத்தில் நிற்கிறது. கோழிகள் அதன் மெத்தையில்தான் முட்டையிடுகின்றன.