ஆர்க் பிடிக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்: வெல்டிங், மெஷினிங் பயிற்சிக்கு வருபவர்களுக்கு

வளைவுச் சோதனையில் தோற்றுப்போன ஒரு வெல்டிங் தட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே மீன் செதில்போல வரிசையாகப் பீடு, அதாவது உருகி உறைந்த வெல்டு வரி, படிந்திருக்கும். திருப்பினால் அடிப்பக்கம் வாய் பிளந்து நிற்கும். அதைச் செய்த மாணவர், கை இன்னும் படியவில்லை என்று நினைத்து மறுநாள் இன்னொரு பாக்கெட் ராடு (வெல்டிங் குச்சி) எரிப்பார். பெரும்பாலும் அவர் கையில் குறை இருக்காது. இரண்டு தட்டுகளுக்கும் நடுவே விடவேண்டிய ரூட் இடைவெளியை அவர் விட்டிருக்க மாட்டார். அல்லது சரியாக விட்டு, தட்டுகளைப் பிடித்து நிறுத்தும் சிறு வெல்டான டேக்கைச் சிறியதாகப் போட்டதால் சூட்டில் தட்டு இழுத்து இடைவெளி மூடியிருக்கும். எவ்வளவு ராடு எரித்தாலும் இந்தத் தவறு சரியாகாது.

பயிற்சியில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் ராடு நுனியில் மின்பொறி எழும் முன்பே, அதாவது ஆர்க் பிடிப்பதற்கு முன்பே, வெட்டும் டூல் உலோகத்தைத் தொடுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன என்பது என் உறுதியான எண்ணம். அங்கே கவனம் வைத்தால் கை தானாகப் படியும்.

வெல்டிங் மேசையில்

முதலில் சுத்தம். துரு, பெயின்ட், எண்ணெய், ஈரம் இவற்றின் மேல் வெல்டு போட்டால் உள்ளே காற்றுத் துளைகள் விழும். இதைத் தட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. துத்தநாகம் பூசிய தகட்டைப் பூச்சோடு வெல்டு செய்தால் வரும் வெண்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். குளோரின் கலந்த கிளீனரால் துடைத்த இடத்தில் ஆர்க் பிடிப்பது அதைவிடப் பல மடங்கு ஆபத்து. ஆர்க்கின் சூட்டிலும் புற ஊதாக் கதிரிலும் அந்த ஆவி ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறக்கூடும். எதைக் கொண்டு துடைத்தோம் என்று தெரியாத தட்டில் ஆர்க் பிடிக்காதீர்கள்.

அடுத்தது ராடு. 6013 ராடில் பழகியவர்கள் 7018 ராடையும் அப்படியே மேசையில் திறந்து போட்டுவிடுகிறார்கள். 7018 குறைந்த ஹைட்ரஜன் வகை. காற்றின் ஈரத்தை அதன் பூச்சு இழுத்துக்கொண்டால் அந்த ஹைட்ரஜன் வெல்டுக்குள் போய், ஜாப் (வேலைத் துண்டு) ஆறிய பிறகு, சில நேரம் மறுநாள்கூட, விரிசலைக் கொண்டுவரும். அதனால்தான் அதை 120 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டு அடுப்பில் (ஓவனில்) வைக்கிறார்கள். சாதாரண 7018 வெளியே வந்து 4 மணி நேரம் கடந்துவிட்டால் திரும்பச் சூடேற்றாமல் பயன்படுத்தக் கூடாது. பூச்சின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. 70 என்றால் சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவிசை, அடுத்து வரும் 1 என்றால் எல்லா நிலைகளிலும் போடலாம்.

ஆம்பியரைப் பக்கத்து மேசையைப் பார்த்து வைப்பதும் வழக்கமான தவறு. அவருடைய தட்டின் தடிமன் வேறு, நிலை வேறு, கேபிள் நீளம் வேறு. ராடு பெட்டியிலேயே வரம்பு போட்டிருக்கும். 3.15 மி.மீ. 6013 ராடுக்குப் பொதுவாக 90 முதல் 130 ஆம்பியர் வரை. நடுவில் தொடங்கி, உபரித் தட்டில் ஒரு பீடு போட்டுப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். ஆர்க் நீளம் ராடின் உள்கம்பித் தடிமன் அளவுக்கு இருந்தால் போதும். நீளம் கூடினால் தெறிப்பும், ஓரத்தில் பள்ளம் விழும் அண்டர்கட்டும் கூடவே வரும்.

'ஒரு டேக்தானே' என்று கண்ணை மூடிக்கொண்டு ஹெல்மெட் இல்லாமல் தட்டுபவர்களை எல்லாப் பட்டறையிலும் பார்க்கலாம். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, நடு இரவில், கண்ணில் மணல் கொட்டியதுபோல வலி எடுக்கும்.

இன்னொன்று, வேலை தேடும்போதுதான் உறைக்கும். படுக்கை நிலையில், அதாவது 1ஜியில், மட்டுமே மாதக்கணக்கில் பழகுவது. அங்கே உருகிய உலோகம் இருந்த இடத்தில் நிற்கும், பீடு அழகாக வரும், மனதுக்கும் திருப்தியாக இருக்கும். செங்குத்தான 3ஜி, தலைக்கு மேல் போடும் 4ஜி, 45 டிகிரி சாய்ந்த குழாயில் சுற்றிப் போடும் 6ஜி இவையெல்லாம் பின்னால் பார்க்கலாம் என்று தள்ளிவிடுகிறார்கள். வேலைக்கு எடுக்கும்போது வைக்கும் தேர்வுத் தட்டு படுக்கையில்தான் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. தகுதிச் சான்றும் குறிப்பிட்ட முறைக்கும் நிலைக்கும் தடிமனுக்கும் மட்டுமே செல்லும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இயின் பிரிவு 9 விதிப்படி, அந்த முறையில் 6 மாதம் வெல்டு செய்யாமல் இருந்தால் அந்தத் தகுதி காலாவதியாகிவிடும். சான்றிதழை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டால் அது செல்லாது.

லேத், மில்லிங், சிஎன்சி

இரண்டு தொழிலையும் சேர்த்துப் படிப்பவர்கள் ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். வெல்டிங்கில் கையுறை கட்டாயம். லேத்தில் கையுறை கூடவே கூடாது. சுழலும் ஜாப்பில் நூல் ஒன்று சிக்கினாலும் கையை முழுதாக இழுத்துவிடும். காலையில் வெல்டிங், பிற்பகலில் லேத் என்று போகிறவர் பழக்கத்தில் கையுறையோடு வந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ஜாப்பைப் பிடிக்கும் சக்கின் சாவியும் அப்படித்தான். கையை விட்டு சாவி போகிறது என்றால் அது சக்கில் இருந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

வேகத்தைச் சத்தத்தை வைத்து முடிவு செய்வதும் தவறு. கணக்கு எளிது. வெட்டு வேகத்தை 1000-ஆல் பெருக்கி, பை மடங்கு விட்டத்தால் வகுத்தால் ஆர்பிஎம் வரும். ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) டூலில் மைல்ட் ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 20 மி.மீ. கம்பிக்குச் சுமார் 480 ஆர்பிஎம், 80 மி.மீ. கம்பிக்குச் சுமார் 120. ஜாப் மாறியும் கியர் மாறாமல் ஓட்டினால் டூல் முனை எரிந்துவிடும்.

அளவெடுப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர் என்பேன், அங்கேதான் அவசரமும் அதிகம். மைக்ரோமீட்டரின் பூஜ்யத்தைச் சரிபார்க்காமல், அளவாக இறுக்கும் ராட்செட்டைப் பிடிக்காமல் கையால் இறுக்கி, கூலன்ட்டும் பர்ரும் (உலோகப் பிசிறும்) ஒட்டிய ஜாப்பை அளப்பார்கள். அதைவிட நுட்பமான தவறு, சூடான ஜாப்பை அளப்பது. அளவுகளுக்கான பொது வெப்பநிலை 20 டிகிரி. 100 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டு அதைவிட 30 டிகிரி சூடாக இருந்தால் சுமார் 0.035 மி.மீ. பெருத்திருக்கும். அப்போது அளவு சரியாகக் காட்டும், ஆறிய பிறகு தண்டு சிறுத்துப் போயிருக்கும். 0.02 மி.மீ. டாலரன்ஸ் (அனுமதித்த வேறுபாடு) உள்ள வேலையில் அது ஸ்கிராப்.

டிராயிங் படிக்கத் தெரியாமல் மெஷின் பக்கம் போகாதீர்கள். பார்வைகளை அடுக்கும் முதல் கோண முறையில் மேல்பார்வை முன்பார்வைக்குக் கீழே இருக்கும், மூன்றாம் கோண முறையில் மேலே இருக்கும். மூலையில் இருக்கும் சின்னத்தைப் பார்க்காமல் மாற்றிப் படித்தால், எல்லா அளவும் சரியாக இருந்தும் துளை எதிர்ப்பக்கத்தில் வந்து நிற்கும். 25 என்று எழுதிப் பக்கத்தில் ஆங்கிலப் பெரிய எச் (H), 7 போட்டிருந்தால் அது துளை, 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம். சிறிய எச் (h) என்றால் தண்டு, 24.979 முதல் 25.000 வரை. ஒரு எழுத்தின் உருவத்தில் ஜாப் போய்விடுகிறது.

கணினி ஓட்டும் சிஎன்சியில்தான் எதிர்காலம் என்று நேராக அங்கே போக ஆசைப்படுவது புரிகிறது. ஆனால் கையால் டூலை நகர்த்தி ஃபீட் கொடுத்து, டூல் உலோகத்தில் அழுந்தும் பாரத்தை உணராதவருக்கு, திரையில் உள்ள எண் என்ன செய்யப்போகிறது என்று தெரியாது. சில பழைய கன்ட்ரோலர்களில் 50 மி.மீ.க்கு 50 என்று எழுதிப் புள்ளி வைக்காமல் விட்டால் அது 50 மைக்ரானாக, அதாவது 0.05 மி.மீ. ஆகப் போய்விடும். டூல் நீளத்துக்கான திருத்த எண்ணான ஆஃப்செட்டில் கூட்டல், கழித்தல் குறி மாறினால் வேக நகர்வில் டூல் நேராக ஜாப்பைப் பிடித்திருக்கும் வைஸில் இறங்கும். புது புரோகிராமை முதல் முறை எப்போதும் ஒவ்வொரு வரியாக ஓடும் சிங்கிள் பிளாக்கில், வேகத்தைக் குறைத்து, கை நகர்வை நிறுத்தும் ஃபீட் ஹோல்டு பட்டனிலேயே இருக்க ஓட்டுங்கள்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது

கட்டடத்தையும் மெஷினின் பளபளப்பையும் பார்த்துச் சேராதீர்கள். ஒரு மெஷினுக்கு எத்தனை பேர், ஒருவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆர்க் பிடிப்பார், தட்டும் ராடும் அளவில்லாமல் கிடைக்குமா, போட்ட வெல்டை வெட்டியோ வளைத்தோ காட்டுவார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

அப்புறம், கெட்டுப்போன ஜாப்பை ஸ்கிராப் தொட்டியின் அடியில் ஒளிக்காதீர்கள். பயத்தில்தான் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். நாளை ஒரு தொழிற்சாலையில் அதே பயத்தில் அளவு தவறிய பாகத்தை நல்லவற்றோடு நழுவ விட்டால், அது யாரோ ஒருவருடைய பிரேக்கிலோ கிரேனிலோ போய் உட்காரும். கெட்ட தட்டின் மேலேயே சுண்ணாம்புக் கட்டியால் தேதி, ராடு, ஆம்பியர், இடைவெளி எல்லாவற்றையும் எழுதிப் பயிற்சியாளர் மேசைக்கு எடுத்துப் போங்கள்.