டிடர்ஜெண்ட் உள்ள சாம்பிளில் புரதம் அளப்பது எப்படி?

செல்லை உடைக்க 1% டிரைட்டான் எக்ஸ்-100 என்ற டிடர்ஜெண்ட் கலந்த பஃபரைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அதை அப்படியே, புரதத்தை நிற மாற்றத்தால் அளக்கும் பிராட்ஃபோர்டு ரீஏஜென்டில் விட்டால், புரதமே இல்லாத குழாயும் நீலமாகும். முதலில் காரணத்தைப் பார்த்துவிடலாம்.

1976-ல் மேரியன் பிராட்ஃபோர்டு வெளியிட்ட முறை இது. குமாசி பிரில்லியன்ட் புளூ ஜி-250 என்ற சாயம் அமிலத்தில் செம்பழுப்பாக இருக்கும். 465 நானோமீட்டரில்தான் ஒளியை அதிகம் உறிஞ்சும். புரதத்தில், முக்கியமாக அதன் ஆர்ஜினின் பகுதிகளில், ஒட்டியதும் நீலமாகி 595-க்கு நகரும். டிடர்ஜெண்டும் சாயத்தைப் பிடித்து இதே நீலத்தைத் தரும். எதனால் வந்த நீலம் என்று கருவிக்குத் தெரியாது.

படி 1: சாம்பிளைத் தண்ணீரில் 10 மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். டிரைட்டான் 0.1 சதவீதத்துக்கு இறங்கும். பெரும்பாலும் இதுவே போதும்.

படி 2: இதுதான் உயிர்நாடி, அவசரப்படாதீர்கள். அதே பஃபரையும் 10 மடங்கு நீர்க்கச் செய்து, அதில்தான் பி.எஸ்.ஏ. (மாட்டு இரத்தத்தின் அல்புமின் புரதம்) ஸ்டாண்டர்டுகளை, அதாவது அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்களை, கரைக்க வேண்டும்: மில்லிலிட்டருக்கு 0.1, 0.2, 0.4, 0.6, 0.8, 1 மில்லிகிராம். புரதம் சேர்க்காத பிளாங்க்கும் அதே நீர்த்த பஃபர்தான், வெறும் தண்ணீர் கூடாது. எல்லாக் குழாயிலும் ஒரே அளவு டிடர்ஜெண்ட் இருந்தால்தான் ஒப்பிட முடியும். அளப்பது ஆன்டிபாடி என்றால் பி.எஸ்.ஏ.வுக்குப் பதில் காமா குளோபுலின் எடுங்கள், சாயம் பி.எஸ்.ஏ.வோடு கூடுதலாக நிறம் காட்டுவதால் உங்கள் புரதம் குறைவாகத் தெரியும்.

படி 3: கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ரீஏஜென்டில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது, சாயமும் தோலில் பிடித்துக்கொள்ளும். 20 மைக்ரோலிட்டர் சாம்பிளுடன் 1 மில்லிலிட்டர் ரீஏஜென்டைச் சேர்த்து, நுரை வராமல் மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். ஒவ்வொன்றையும் மூன்று குழாய்களில் செய்வது நல்லது.

படி 4: 5 நிமிடம் விட்டு 595-ல் அளவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், அப்புறம் சாயம் படியத் தொடங்கும். குவார்ட்ஸ் கியூவெட்டில் (கருவிக்குள் வைக்கும் சிறு குப்பி) சாயம் ஒட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கியூவெட்டே போதும்.

ஸ்டாண்டர்டுகளின் அளவீடுகளை வைத்து வரையும் வளைகோடு மேல் முனையில் லேசாக வளையும். அதை வலிந்து நேர்கோடாக்க வேண்டாம், வளைவோடு பொருத்தி மதிப்பைப் படியுங்கள். கிடைத்த எண்ணை 10-ஆல் பெருக்க மறக்காதீர்கள்.

டிடர்ஜெண்ட் எஸ்.டி.எஸ். (சோடியம் டோடெசில் சல்பேட்) என்றால் பிராட்ஃபோர்டோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. பி.சி.ஏ. (பைசின்கோனினிக் அமிலம்) முறைக்கு மாறுங்கள். புரதம் செம்பு அயனியை ஒடுக்க (அதாவது எலக்ட்ரான் கொடுக்க), அது பி.சி.ஏ.வோடு சேர்ந்து ஊதாவாகும். 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்து 562-ல் அளக்கலாம். 5% எஸ்.டி.எஸ்.ஸையும் அது தாங்கும். ஆனால் பஃபரில் டி.டி.டி. (டைதியோதிரைட்டால் என்ற ஒடுக்கும் பொருள்) இருந்தால் அதுவும் செம்பை ஒடுக்கி ஊதா காட்டும். அப்போது புரதத்தை அசிட்டோனில் வீழ்படிவாக்கி, வேறு பஃபரில் கரைத்த பிறகே அளக்க வேண்டும்.